கேம் ஷோவில் புது விஆர் ஹெட்செட்: பத்து நிமிட டெமோவில் எதைச் சோதிப்பது?

நிழல்நடை எழுதியது:

கேமிங் ஷோ ஒன்றில், இன்னும் விற்பனைக்கு வராத, கணினி இல்லாமல் தனித்தியங்கும் விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டுக்கு டெமோ ஸ்லாட் கிடைத்திருக்கிறது. பத்து நிமிடம். முன்பதிவு செய்யலாமா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தை விளையாடியே தீர்த்துவிடாமல் உருப்படியாக எதையாவது சோதித்துவிட்டு வர வேண்டும் என்று எண்ணம். கண்ணாடி போடுகிறேன். பஸ்ஸில் போனில் படித்தாலே தலை சுற்றும். நூறு பேர் முகத்தில் மாட்டியதை நாமும் மாட்டுவது பற்றியும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

லென்ஸ்கிறுக்கன் எழுதியது:

பத்து நிமிடம் என்பார்கள். மாட்டி, பட்டையை இறுக்கி, கன்ட்ரோலரில் எந்த பட்டன் எதற்கு என்று சொல்லி முடிக்கவே இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். மிச்ச நேரத்தில் ரெசல்யூஷன், சிப், மெமரி பக்கம் போகாதீர்கள். அதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அந்த ஹெட்செட் உங்கள் முகத்தில் உட்காருகிறதா, உங்கள் கண்ணுக்கு அதன் லென்ஸ் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் எந்த யூடியூப் விமர்சனமும் சொல்லாது.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய ஒரே வேலை: உங்கள் ஐபிடியைத் தெரிந்துகொள்வது. இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் அது. கண்ணாடிச் சீட்டில் பிடி (PD) என்று ஓர் எண் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையா, நிலைக்கண்ணாடிக்கு 20 செ.மீ. முன்னால் நின்று மி.மீ. ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்மணியின் நடுவில் பூஜ்யம் வரும்படி வையுங்கள். தலையும் ஸ்கேலும் அசையாமல் இடதை மூடி வலதைத் திறந்தால், வலது கண்மணி நடுவில் எந்தக் கோடு நிற்கிறதோ அதுதான் எண். மூன்று தடவை எடுத்தால் ஒரு மி.மீ. அளவுக்குள் ஒத்துவர வேண்டும்.

பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. வாக்கில் இருக்கும். மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 58, 63, 68 என்று மூன்றே படிகள். குவெஸ்ட் 3-ல் சக்கரம் உண்டு, இடையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். புது ஹெட்செட்டில் இருப்பது படியா சக்கரமா என்று முதலில் பாருங்கள். உங்கள் எண் 65.5 என்றால் படி வைத்த ஹெட்செட்டில் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள். இரண்டு மி.மீ. தவறினால் உடனே ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் கழித்துப் புருவத்துக்கு மேல் வலிக்க ஆரம்பிக்கும். பத்து நிமிட டெமோவில் அகப்படாத கோளாறு இது. அதனால்தான் எண்ணோடு போகச் சொல்கிறேன்.

மாட்டியதும் முதலில் மெனுவில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் ஹெட்செட்டைக் குறை சொல்வதற்கு முன், முன்பக்கத்தை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் இரண்டு மூன்று மி.மீ. நகர்த்துங்கள். ஓரிடத்தில் எழுத்து பளிச்சென்று வரும். அங்கே நிறுத்திப் பட்டையை இறுக்குங்கள். புதிதாக மாட்டுபவர்களில் பாதிப்பேர் ஹெட்செட்டை மூக்குப் பக்கம் தாழ்த்தி மாட்டிக்கொண்டு "படம் மங்கல்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்து மூன்று சோதனை. வரிசை எப்படி இருந்தாலும் சரி.

தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டுங்கள். ஃப்ரெனல் (வளையம் வளையமாக வெட்டிய) லென்ஸ் என்றால் நடுவில் கூர்மை, ஓரத்தில் கரைசல். குவெஸ்ட் 2, வால்வின் இண்டெக்ஸ், சோனியின் பிஎஸ் விஆர்2 மூன்றும் இந்த ரகம். பான்கேக் (ஒளியை உள்ளேயே மடித்து அனுப்பும் மெல்லிய) லென்ஸில் கூர்மை ஏறக்குறைய ஓரம்வரை போகும். குவெஸ்ட் 3, பிக்கோ 4 இரண்டிலும் அதுதான்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் இடம் பாருங்கள். லோடிங் திரை போதும். ஃப்ரெனலில் இருக்கும் வளைய வெட்டுகளில் ஒளி சிதறி, எழுத்திலிருந்து கோடு கோடாக ஒழுகும். பான்கேக்கில் அந்த ஒழுகல் குறைவு. பதிலுக்கு, பக்கத்தில் ஒரு மங்கிய நிழற்படிமம் தெரியலாம். பான்கேக்குக்கு இன்னொரு விலையும் உண்டு: உள்ளே இருக்கும், பாதி ஒளியைப் பிரதிபலித்துப் பாதியை விடும் ஆடியை ஒளி இருமுறை சந்திக்கிறது, ஒவ்வொரு முறையும் பாதி போய்விடுகிறது. ஆக அதிகபட்சம் 25 சதவீதம்தான் கண்ணுக்கு வரும். அதை ஈடுகட்டத் திரை அதிகப் பிரகாசத்தில் எரிய வேண்டும். சூடும் பேட்டரிச் செலவும் அங்கிருந்தும் வருகிறது.

மூன்றாவது, யாரும் செய்யாதது. கதவுச் சட்டம், ஜன்னல் கம்பி மாதிரி நேர்க்கோடு ஒன்றைத் தேடுங்கள். பார்வையை அதன் மேல் ஒரே புள்ளியில் நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். கோடு நேராகவே இருந்தால் நல்லது. ரப்பர் மாதிரி நெளிந்தால், லென்ஸின் வளைவைச் சரிக்கட்டும் மென்பொருள் கணக்கு உங்கள் கண் இருக்கும் இடத்துக்குப் பொருந்தவில்லை. ஐபிடியைச் சரிசெய்து இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் நெளிந்தால் என்னைக் கேட்டால் வாங்காதீர்கள். உங்களுக்குத்தான் பஸ்ஸிலேயே தலை சுற்றுகிறதே.

---

வட்டப்பாதை எழுதியது:

லென்ஸ் பக்கம் நண்பர் சொல்லிவிட்டார். டிராக்கிங் (தலையும் கையும் எங்கே என்று கண்டுபிடிப்பது), பிரேம் (விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது) இரண்டுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

ஹெட்செட்டில் பதித்த கேமராக்கள் கன்ட்ரோலரைப் பார்க்க முடிந்தால்தான் கை எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். பார்வையிலிருந்து மறைந்ததும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழற்சிமானியும் ஊகத்தில் ஓட்டும். அந்த ஊகம் ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் தாங்காது. ஆகவே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விநாடி நிறுத்தி முன்னால் கொண்டுவாருங்கள். கை சட்டென்று தன் இடத்துக்கு வருகிறதா, எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டுகிறதா? பிறகு வில்லை இழுப்பதுபோல் ஒரு கையை முகத்தருகே வைத்து மற்றதை அதற்கு நேர் முன்னால் நீட்டுங்கள். ஒன்று மற்றதை மறைக்கும்போது நடுங்கினால் வில், துப்பாக்கி விளையாட்டுகளில் தொல்லைதான்.

பிரேம் வேகத்துக்கு: கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள பொருள் ஒன்றைப் பார்த்தபடி பக்கவாட்டில் ஓரடி நகருங்கள், அல்லது உங்களைக் கடந்து வேகமாகப் போகும் பொருளைக் கண்ணால் பின்தொடருங்கள். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் விளையாட்டு பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. 90 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 90 படம்) திரைக்கு ஒவ்வொரு பிரேமையும் 11.1 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். முடியாதபோது 45 பிரேம் மட்டும் வரைந்து, இடைப்பட்டதைப் பழைய படத்தைத் தள்ளித் திருப்பி நிரப்புவார்கள். தலையை மட்டும் திருப்பினால் இது தெரியாது, அந்தத் தந்திரம் தலைத் திருப்பத்தை நன்றாகவே மறைத்துவிடும். பொருள் நகர்ந்தாலோ நீங்கள் நகர்ந்தாலோதான் குட்டு வெளிப்படும்.

இதைவிட முக்கியமானது ஸ்டாலில் கேட்க வேண்டிய கேள்வி: படம் ஹெட்செட்டுக்குள்ளேயே உருவாகிறதா, கணினியிலிருந்து வருகிறதா? கேபிளைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே கேபிள் போட்டிருப்பார்கள், ஏனென்றால் இந்த ரகத்தில் பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம்தான் (குவெஸ்ட் 3-க்கு மெட்டா சொல்லும் சராசரி 2.2 மணி). கணினி என்றால் எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். உச்சவிலைக் கார்டில் ஓடும் டெமோவைப் பார்த்துவிட்டு வீட்டில் அதே படத்தை எதிர்பார்க்க முடியாது. கையில் இருப்பது விற்பனைக்கு வரப்போகும் வடிவமா, முன்மாதிரியா என்பதும் கேட்க வேண்டியதே. முன்மாதிரியில் முகப் பஞ்சும் பட்டையும் பிறகு மாறுவது சகஜம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷோ அரங்கம் உள்ளிருந்து பார்க்கும் டிராக்கிங்குக்கு எதிரி. கேமரா அசையாத மூலைகளையும் விளிம்புகளையும் பிடித்து வைத்துக்கொண்டுதான் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அங்கே ஜனக்கூட்டம் நகர்கிறது, எல்இடி சுவரில் படம் ஓடுகிறது, தரை பளபளக்கிறது. ஒருமுறை உலகம் ஓரடி நகர்ந்து நின்றால் அதற்காகப் புள்ளியைக் குறைக்காதீர்கள். காட்சி ஓயாமல் ஒரு பக்கமாக மெல்ல வழிந்துகொண்டே இருந்தால் கேமராக் கண்ணாடியில் விரல் ரேகை இருக்கலாம், துடைக்கச் சொல்லுங்கள். தரை முழங்கால் உயரத்தில் தெரிந்தால் தரை உயரம் தவறாகப் பதிவாகியிருக்கிறது. தரையை மறுபடி அமைக்கச் சொன்னால் போதும்.

வெளி உலகத்தைக் காட்டும் பாஸ்த்ரூவில் இதற்கு நேர்மாறு. அரங்கின் வெளிச்சத்தில் அது அழகாகத் தெரியும். இரவில் வீட்டு விளக்கில் குருணை குருணையாக மாறும். கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பாருங்கள், கையைச் சுற்றிப் பின்னணி எவ்வளவு நெளிகிறது என்பது மட்டும் எந்த வெளிச்சத்திலும் உண்மையைச் சொல்லும்.

ஒலியை மட்டும் சோதிக்கவே வேண்டாம். அந்த இரைச்சலில் எல்லா ஸ்பீக்கரும் ஒன்றுதான்.

---

ஸ்டால்பக்கம் எழுதியது:

மாட்டிவிடுற பக்கத்துல இருந்து சில விஷயம்.

கண்ணாடி போட்டிருந்தா முன்பக்கத்தை முதல்ல கண்ணாடி மேல பொருத்தி, அப்புறம்தான் பட்டையைப் பின்னாடி இழுக்கணும். கழட்டும்போது தலைகீழ் வரிசை: முன்பக்கத்தை நேரா வெளிய இழுத்து, அப்புறம் மேல தூக்கணும். தொப்பி கழட்டுற மாதிரி பின்னாடியிருந்து தூக்கினீங்கன்னா ஃபிரேம் உள்ள மாட்டிக்கும், ரெண்டு லென்ஸும் உரசிக்கும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினா கீறல் ரெண்டுலயும் விழும். லென்ஸை முன்ன பின்ன நகர்த்துற வசதி இருக்கான்னு கேளுங்க. குவெஸ்ட் 3-ல முகப் பஞ்சுக்கு நாலு நிலை இருக்கு, இண்டெக்ஸ்ல குமிழ் இருக்கு, பிஎஸ் விஆர்2-ல பட்டனை அமுக்கிட்டு இழுக்கலாம். ஒரு படி தள்ளி வைக்கச் சொல்லுங்க. தள்ளத் தள்ள பார்வை அகலம் குறையும், பரவாயில்ல. அகலமான ஃபிரேம் வேண்டாம்; குவெஸ்ட் 2-க்குச் சொன்ன அளவு அகலம் 142 மி.மீ., உயரம் 50 மி.மீ. வரைக்கும்தான்.

பின்பட்டை மண்டையோட பின்புடைப்புக்குக் கீழ போகணும். எடையைத் தாங்குறது மேல்பட்டை. அதை விட்டுட்டு பக்கப் பட்டையை மட்டும் இறுக்குனா அரை கிலோவும் கன்னத்துல தொங்கும், கழட்டினதும் சிவப்புக் கோடு தெரியும். குதிரைவால் கொண்டைய கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்க. பெரிய தோடு, தொப்பி வேண்டாம். முகத்துல கிரீம் வேண்டவே வேண்டாம், லென்ஸ்ல ஒட்டினா அடுத்த ஆளுக்கும் மங்கல்.

சுத்தம்: பஞ்சு உறை போட்டிருந்தா கூச்சப்படுறது சரிதான், பஞ்சு வியர்வையைக் குடிக்கும், துடைச்சாலும் போகாது. சிலிக்கான் இல்ல ரெக்சின் மாதிரி வழவழப்பான உறைன்னா ஒவ்வொரு ஆளுக்கும் துடைக்கலாம், கண்ணு முன்னாடி துடைக்கச் சொல்லிக் கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா ஈரமா இருக்கும்போதே மாட்டாதீங்க, கண்ணு எரியும். புற ஊதா பெட்டியில வெச்சு எடுத்தா போதும்னு சொன்னா முழுசா நம்பாதீங்க. அந்த ஒளி நேரா விழுற இடம்தான் சுத்தமாகும், மடிப்புக்குள்ள போகாது. கண் பகுதி வெட்டின காகித முகமூடி ஒண்ணு ரெண்டு பையில வெச்சுக்கோங்க, விலை கம்மி. கண் சிவந்திருந்தா அன்னைக்கு ஸ்லாட்டை விட்டுருங்க, அது உங்களுக்காக இல்ல, பின்னாடி நிக்கிறவங்களுக்காக.

லென்ஸை நீங்களா டீஷர்ட்ல துடைக்காதீங்க, ஸ்டால்ல இருக்கிற ஆல்கஹால் துணியாலயும் தொடாதீங்க, மேல்பூச்சு போயிடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் மட்டும். ஏசி அரங்குல கொஞ்ச நேரம் சும்மா கிடந்த ஹெட்செட்ல மாட்டினவுடனே ஆவி படியும். துடைச்சாலும் திரும்பப் படியும். திரை ஓட ஓட உள்ள சூடாகித் தானா போயிடும், ஒரு நிமிஷம் பொறுங்க.

கன்ட்ரோலர் மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாயம் மாட்டுங்க. மங்கலா இருக்குன்னா முதல் நிமிஷத்துலயே வாய்விட்டுச் சொல்லுங்க. முடிஞ்ச பிறகு சொல்றவங்கதான் அதிகம்.

---

நிழல்நடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். என் பவர் இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.25, வலதில் கொஞ்சம் சிலிண்டர் பவரும் (அஸ்டிக்மாட்டிசத்துக்கு) உண்டு. திரைதான் கண்ணுக்கு ஒட்டியே இருக்கிறதே, கிட்டப்பார்வைக்காரனுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியாதா? தலைசுற்றல் பற்றி யாரும் சொல்லவில்லை. ரோலர்கோஸ்டர் டெமோவும் இருக்கிறதாம்.

---

லென்ஸ்கிறுக்கன் எழுதியது:

தெரியாது. திரை ஐந்தாறு செ.மீ.யில் இருந்தாலும் லென்ஸ் அதன் பிம்பத்தை ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வாக்கில் கொண்டுபோய் வைக்கிறது. கண் குவிய வேண்டியது அந்தத் தூரத்துக்கு, விளையாட்டில் மலை தெரிந்தாலும் மேசை தெரிந்தாலும் அதே தூரம்தான். மைனஸ் 2.25 கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் கூர்மையாகத் தெரியும் கடைசித் தூரம் 1-ஐ 2.25-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 44 செ.மீ. அதற்கு அப்பால் எல்லாமே மங்கல். மைனஸ் 0.5 காரர்களுக்கு அந்தத் தூரம் இரண்டு மீட்டர். அவர்கள் கண்ணாடி இல்லாமல் சமாளிக்கலாம். உங்களால் ஆகாது, சிலிண்டர் வேறு இருக்கிறது.

கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அதோடு போங்கள், சுலபம். ஹெட்செட்டுக்குள் கண் சிமிட்டுவது குறையும், உலர்ந்து உறுத்தினால் வேண்டுமென்றே சிமிட்டுங்கள். வாங்கிய பிறகு ஹெட்செட்டில் பொருத்தும் பவர் லென்ஸ் செய்யச் சொல்லலாம். அதற்குச் சிலிண்டரின் கோணமும் பிடியும் தேவை, சீட்டை எடுத்து வையுங்கள். டெமோவுக்குப் போகும்போது புரோகிரசிவ் லென்ஸ் (மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் மாறுவது) போட்ட கண்ணாடி வேண்டாம், கீழ்ப்பாதி முழுக்க மங்கலாகும்.

---

வட்டப்பாதை எழுதியது:

ரோலர்கோஸ்டரைத் தொடாதீர்கள். கண் "போகிறேன்" என்கிறது, உள்காதின் சமநிலை உறுப்பு "நிற்கிறேன்" என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். கோஸ்டரில் முடுக்கமும் திருப்பமும் விடாமல் வருகின்றன, கட்டுப்பாடும் உங்கள் கையில் இல்லை. நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டைக் கேளுங்கள்; வாள் வீச்சு, வில், புதிர் எதுவானாலும் சரி. நடந்துதான் ஆக வேண்டும் என்றால் குறித்த இடத்துக்குத் தாவும் முறை, திரும்புவதற்கு 30 அல்லது 45 டிகிரியில் வெட்டித் திரும்பும் முறை. கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியைத் தள்ளி வழுக்கித் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

---

ஸ்டால்பக்கம் எழுதியது:

இதுல ஒரு சின்ன மாற்றுக் கருத்து. டெமோவுக்குன்னு தேர்ந்தெடுக்கிறதே யாருக்கும் குமட்டாத விளையாட்டுதான். அதை மட்டும் ஆடிட்டு "எனக்கு ஒத்துக்குது"ன்னு முன்பதிவு பண்ணிட்டா, ஒத்துக்கலன்னு வீட்ல ஓடிச் சுடுற முதல் விளையாட்டுலயே தெரிஞ்சிடும். நீங்க ஆடப்போறது நடக்கிற விளையாட்டுன்னா கடைசி ஒரு நிமிஷம் குச்சியால நடந்து பாக்கணும். ஓரத்தைக் கறுப்பாக்குற வசதி இருந்தா அதைப் போட்டுக்கோங்க.

---

வட்டப்பாதை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கடைசி நிமிடத்தில் மட்டும். முதலிலேயே செய்தால் மிச்ச ஒன்பது நிமிடமும் வீண். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, முகத்தில் சூடு, கழுத்தில் குளிர்ந்த வியர்வை, இதில் எது முதலில் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடாது, அன்று மாலைவரை இழுக்கும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். கழற்றிய உடனே வண்டி ஓட்ட வேண்டாம், தயாரிப்பாளர்களே கையேட்டில் இதை எச்சரிக்கிறார்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தாலோ இதயமுடுக்கி போன்ற கருவி உடலில் இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. கன்ட்ரோலரிலும் ஹெட்செட்டிலும் காந்தம் உண்டு.

---

நிழல்நடை எழுதியது:

ஐபிடி இப்போதே அளந்தேன், 66 வருகிறது. படி வைத்த ஹெட்செட்டாக இருந்தால் 68-ல் வைப்பதா, 63-லா?

---

லென்ஸ்கிறுக்கன் எழுதியது:

68. பக்கத்தில் இருப்பது அது, இரண்டு மி.மீ. வித்தியாசம். 63-ல் மூன்று. இரண்டிலும் வைத்து நேர்க்கோட்டுச் சோதனையைச் செய்து, நெளிவு குறைவாக உள்ளதில் நிறுத்துங்கள். படியை மாற்றும்போது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். லென்ஸ் கூடு உள்பக்கமாக நகரும்போது மூக்கையோ உங்கள் கண்ணாடி ஃபிரேமையோ இடிக்கும்.